லிஃப்ட் செய்த வண்டி முரண்டு பிடித்தால்: அறிகுறியை வைத்து ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சரிபார்க்கும் வழிமுறை

வண்டியை உயர்த்த லிஃப்ட் ஸ்பிரிங் மாட்டிய முதல் வாரத்தில் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கல் மாதிரி அடிக்கிறது, ஸ்டீயரிங் அலைகிறது, பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஷாக் (ஷாக் அப்சார்பர்) சரியில்லை என்று சொல்லி இன்னொரு செட் வாங்கி மாட்டுவார்கள், அதிலும் தீராது. ஸ்பிரிங்கின் குறையை ஷாக்கிலும், ஷாக்கின் குறையை ஸ்பிரிங்கிலும் தேடுவதுதான் காரணம்.

ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. வண்டி நிற்கும் உயரத்தை அதுதான் முடிவு செய்கிறது. ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அதோடு சக்கரம் எவ்வளவு தூரம் கீழே தொங்கலாம் என்பதையும் பல வண்டிகளில் ஷாக்கின் நீளமே தீர்மானிக்கிறது. கரடுமுரடான தடத்தில் வண்டியைக் காப்பாற்றுவது சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம், அதாவது டிராவல். உயரம் அந்தத் தூரத்துக்கு இடம் கொடுப்பதற்காகத்தான். உயரத்தை மட்டும் பார்த்து வாங்கிய செட்டில்தான் கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி வருகிறது.

கை வைக்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

முதல் அளவு எடை. எடைமேடையில் முன் ஆக்ஸிலைத் தனியாக, பின் ஆக்ஸிலைத் தனியாக நிறுத்தி எடை பாருங்கள். வின்ச், இரும்பு பம்பர், கூரைக் கேரியர், தண்ணீர், நிறைந்த டீசல் டேங்க் என்று நீங்கள் உண்மையில் எதோடு போவீர்களோ அதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, நிற்கும் உயரம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் கலந்துவிடும்.

மூன்றாவது அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சேஸிஸை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். ஆக்ஸில் மேலே வரும்போது கடைசியில் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நன்றாக நசுங்கும் இடத்தில் ஷாக்கின் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அப்புறம் ஆக்ஸிலை இறக்கிக்கொண்டே வந்து, பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆர்ம் புஷ் ஆகியவற்றில் எது முதலில் இழுபடுகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி அதே தூரத்தை அளக்க வேண்டும். இதை ஒரு பக்கம் மட்டும் தூக்கி, மறுபக்கம் தொங்கவிட்டும் ஒருமுறை செய்யுங்கள். ஆக்ஸில் சாயும்போது கிடைக்கும் அளவு வேறாக இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் சுயேச்சை சஸ்பென்ஷனில் காயிலும் (சுருள் ஸ்பிரிங்) ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் யூனிட்டை ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் பிரிக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் காயில் உயிரை எடுக்கும்.

அறிகுறி: சின்ன மேட்டுக்கே கல் மாதிரி அடிக்கிறது

முதலில் டயர் காற்றைப் பாருங்கள். தார்ச்சாலைக்கு ஏற்றிய காற்றோடு பாறைத் தடத்தில் ஓட்டினால் எந்த ஸ்பிரிங்கும் மென்மையாக இருக்காது. 18 முதல் 22 பிஎஸ்ஐ வரை இறக்கி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதிலேயே தீர்ந்தால் ஸ்பிரிங் பக்கம் போகவே வேண்டாம். வேகமாகப் போகும் முன் காற்றைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

தீரவில்லையென்றால் ஸ்பிரிங் எடைக்கு மீறிய விறைப்பாக இருக்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முன் ஆக்ஸிலில் 900 கிலோ. அதில் ஆக்ஸில், சக்கரம், பிரேக் எல்லாம் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 250 கிலோ ஸ்பிரிங் மேல் ஏறாது. மீதி 650 கிலோவை இரண்டு காயில் பகிர்ந்தால் ஒன்றுக்கு 325 கிலோ, அதாவது சுமார் 3,190 நியூட்டன். காயிலின் விறைப்பு ஒரு மி.மீட்டருக்கு 30 நியூட்டன் என்றால் அது 106 மி.மீ அமுங்கி நிற்கும். அதே நீளத்தில் 40 நியூட்டன் காயில் போட்டால் 80 மி.மீதான் அமுங்கும். வண்டி 26 மி.மீ உயர்ந்துவிடும்.

லிஃப்ட் கிடைத்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்த உயரம் விறைப்பிலிருந்து வந்தது. 30 நியூட்டன் காயிலில் வண்டி நிமிடத்துக்குச் சுமார் 92 முறை ஊசலாடும், 40 நியூட்டனில் 106 முறை. உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதைவிட முக்கியமான இழப்பு இன்னொன்று. 106 மி.மீ அமுங்கி நிற்கும் காயில், சக்கரம் 106 மி.மீ கீழே தொங்கும் வரை அதைத் தரையில் அழுத்திக்கொண்டே இருக்கும். விறைத்த காயில் 80 மி.மீட்டரிலேயே கைவிட்டுவிடும். அதற்குக் கீழே சக்கரம் தன் சொந்த எடையில் தொங்குகிறதே தவிர, பிடிமானம் இருக்காது. டிராவல் வேண்டும் என்று வாங்கிய செட் டிராவலையே தின்றுவிடுகிறது. அதனால்தான் நீண்ட டிராவலுக்கு நீளமான, ஓரளவு மென்மையான காயிலைத் தேட வேண்டும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்பியின் தடிமனை வைத்தும் ஓரளவு ஊகிக்கலாம். விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும். மற்ற அளவுகள் மாறாமல் 16 மி.மீ கம்பி 17 மி.மீ ஆனாலே விறைப்பு 27 சதவீதம் கூடிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கை கூடினால் விறைப்பு குறையும். ஆனால் ஒரு காயில் முழுதாக அமுங்கும்போது சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும் நீளத்தையும் பாருங்கள். 16 மி.மீ கம்பியில் 10 சுற்று என்றால் அது 160 மி.மீ அளவில் வந்து நிற்கும். பம்ப் ஸ்டாப் வேலை செய்யும் முன்னே சுற்றுகள் ஒட்டிவிட்டால், அந்த அடி நேராக ஸ்பிரிங் இருக்கைக்கும் சேஸிஸுக்கும் போகும்.

ஸ்பிரிங் கணக்கு சரியாக இருந்தும் கூர்மையான கல்லில் மட்டும் அடிக்கிறதா? அப்போது சந்தேகம் ஷாக்கின் கம்ப்ரெஷன் வால்விங் (ஷாக் சுருங்கும்போது தடை கொடுக்கும் வால்வ் அமைப்பு) மீது போக வேண்டும். மெதுவான பெரிய மேட்டில் மென்மையாக ஏறி, வேகமான சின்னக் கல்லில் அடித்தால் அநேகமாக அதுதான்.

அறிகுறி: சுமை ஏற்றினால் பின்பக்கம் தொங்குகிறது, இறக்கினால் எம்பிக் குதிக்கிறது

ஒரே ஸ்பிரிங்கிடம் இரண்டு வண்டியின் வேலையைக் கேட்கிறீர்கள். வெறும் வண்டிக்கும் முழுச் சுமைக்கும் இடையே பின் ஆக்ஸில் எடை அதிகம் மாறினால், ஒரே சீரான விறைப்புள்ள எந்தக் காயிலும் இரண்டுக்கும் பொருந்தாது. 1970ல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரைச் செய்தவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. நான்கு மூலையிலும் மென்மையான, நீண்ட டிராவல் கொண்ட காயில் வைத்தார்கள். சுமையில் பின்பக்கம் அமுங்காமல் இருக்க, நடுவில் தானாக உயரத்தைச் சரிசெய்யும் போகே ஹைட்ரோமேட் யூனிட் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். இன்று அந்த வேலையைக் காயிலுக்குள் வைக்கும் காற்றுப் பையோ, போகப்போக விறைக்கும் ப்ரோக்ரெஸிவ் காயிலோ செய்கிறது.

என் தேர்வு இதுதான்: மாதத்தில் பெரும்பாலான நாள் என்ன எடையில் ஓட்டுகிறீர்களோ அதற்கு ஸ்பிரிங், எப்போதாவது வரும் சுமைக்குக் காற்றுப் பை. காற்றுப் பையில் சிறிதளவு காற்று எப்போதும் இருக்க வேண்டும், காலியாக விட்டால் மடிந்து கிழியும். நீண்ட டிராவல் உள்ள வண்டியில், முழுதாகத் தொங்கும் நிலையில் அது பிய்ந்து வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அறிகுறி: பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ‘டொக்’ என்று சத்தம்

சக்கரம் தொங்கி முடியும் கணத்தில் இந்தச் சத்தம் வந்தால் ஷாக் தன் முழு நீளத்துக்கு இழுபட்டு, உள்ளே பிஸ்டன் மேல்மூடியில் மோதுகிறது என்று பொருள். ஸ்பிரிங் மட்டும் மாற்றி, பழைய ஷாக்கையே விட்ட வண்டிகளில் இது சர்வசாதாரணம். 50 மி.மீ லிஃப்ட் என்றால் தொங்குவதற்கு இருந்த தூரத்தில் 50 மி.மீ போய்விட்டது. முதலில் ஷாக் புஷ், அப்புறம் மவுண்ட் வெல்டிங் என்று வரிசையாக உடையும்.

தீர்வு நீளமான ஷாக். எவ்வளவு நீளம்? முன்பே எடுத்த மூன்றாவது அளவு இங்கேதான் உதவும். பம்ப் ஸ்டாப் நசுங்கிய நிலையில் இரு துளைகளுக்கும் இடையே 420 மி.மீ, முழுதாகத் தொங்கும்போது 660 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். சுருங்கிய நீளம் 400 மி.மீட்டருக்குள்ளும், விரிந்த நீளம் 650 மி.மீட்டருக்குள்ளும் உள்ள ஷாக் வேண்டும். சுருங்கிய நீளத்தில் அந்த 20 மி.மீ இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள். பம்ப் ஸ்டாப் மோதும் முன் ஷாக் அடிதட்டினால் ஒரே அடியில் ராடு வளையும், அல்லது மவுண்ட் பிய்ந்துவிடும்.

இங்கே ஒரு நெருக்கடி வரும். ஷாக்கின் உள்ளே பிஸ்டன், சீல், இரு முனைக் கண்கள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். அதனால் 250 மி.மீ ஓட்டமுள்ள ஷாக் சுருங்கினாலும் பொதுவாக 400 மி.மீ பக்கத்தில்தான் நிற்கும். உங்களுக்கு 420க்குப் பதில் 370தான் கிடைத்தது என்றால் அந்த ஷாக் பொருந்தாது. அப்போது இரண்டு வழி. பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கி மேல்நோக்கிய டிராவலை இழப்பது ஒன்று. ஷாக் மவுண்டை சேஸிஸில் உயர்த்தி வெல்டிங் செய்வது இன்னொன்று. இரண்டாவது செலவும் வேலையும் அதிகம், ஆனால் நீண்ட டிராவல் உண்மையில் வேண்டுமென்றால் அதுதான் வழி. பெரிய ஷாக்கை எப்படியாவது திணித்துவிட்டு, பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் அரை அடி இரும்புத் துண்டு வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். தொங்கும்போது அழகாக இருக்கும், மேட்டில் ஏறினால் சக்கரம் மேலே போக இடமே இருக்காது.

நிற்கும் நிலையில் ஷாக் ராடில் எவ்வளவு வெளியே தெரிய வேண்டும்? பாறைகளில் மெதுவாக ஏறும் வண்டிக்குப் பாதிக்குப் பாதி நல்ல பங்கீடு. வேகமாக மண் தடத்தில் போகிறவர்களுக்கு மேல்நோக்கிய பங்கு 60 சதவீதம் போல் கூடுதலாக இருக்கட்டும்.

ஷாக்கே கடிவாளமாக இருப்பது பிடிக்கவில்லையென்றால் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே லிமிட் ஸ்ட்ராப் கட்டலாம். துணிப்பட்டை இழுபடும்போது கொஞ்சம் நீளும் என்பதால் ஷாக்கின் முழு நீளத்தைவிடச் சற்றுக் குறைவாகக் கட்டுங்கள்.

அறிகுறி: காயில் இருக்கையை விட்டு நகர்ந்து போகிறது

மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம் இது. காயில் தன் இயல்பு நீளத்தை எட்டிய பிறகும் ஷாக் ஆக்ஸிலை இன்னும் கீழே விடுகிறது. திரும்ப ஏறும்போது காயில் கோணலாக உட்காரும். கீழ்ச் சுற்றை இருக்கையோடு பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் போடலாம், மேலே கூம்பு வடிவ வழிகாட்டி வைக்கலாம். ஆனால் இடைவெளி 30, 40 மி.மீட்டருக்கு மேல் இருந்தால் காயில் தேர்வே தவறு என்று எடுத்துக்கொண்டு நீளமான, மென்மையான காயிலுக்குப் போவது நல்லது.

அறிகுறி: வரிவரியான மண் சாலையில் வண்டி போகப்போகக் குனிகிறது, அப்புறம் அடிதட்டுகிறது

என் வண்டியிலேயே இதைத் தவறாகப் புரிந்துகொண்டு நெடுநாள் அலைந்தேன். பின்பக்கம் அடிதட்டுகிறதே என்று விறைப்பான காயில் போட்டேன், இன்னும் மோசமானது. உண்மையான காரணம் ரீபவுண்ட், அதாவது ஷாக் திரும்ப விரியும்போது கொடுக்கும் தடை, அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தது. ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்பக் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. அப்படியே அடுத்தது, அதற்கடுத்தது. பத்து மேட்டுக்குள் வண்டி டிராவலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டியை நிறுத்தினால் மெதுவாகப் பழைய உயரத்துக்கு எழும். அந்த எழுச்சிதான் இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

அட்ஜஸ்ட் செய்யும் வசதி இருந்தால் ரீபவுண்டை இரண்டு கிளிக் தளர்த்தி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் கம்ப்ரெஷனையும் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். அட்ஜஸ்ட் வசதி இல்லாத ஷாக் என்றால் உங்கள் ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்ற வால்விங் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது பிரித்து வால்வ் தகடுகளை மாற்ற முடிகிற வகையாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரானது, ஒரு மேடு தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை ஊசலாடுவது. விறைத்த புது ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கால் அடக்க முடியவில்லை. இங்கே ரீபவுண்டைக் கூட்ட வேண்டும்.

அறிகுறி: காலையில் நன்றாக இருந்தது, ஒரு மணி நேரத்தில் படகு மாதிரி ஆடுகிறது

ஷாக் அசைவை வெப்பமாக மாற்றுகிறது. வெப்பம் ஏற ஏற எண்ணெய் இளகும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள சாதாரண ட்வின் ட்யூப் ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்தால் பிஸ்டனுக்குத் தடையே இருக்காது. ஆறிய பிறகு ஒன்றும் நடக்காதது போல வேலை செய்யும். ஒரே குழாய் உள்ள மோனோ ட்யூப் வகையில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று உயர் அழுத்த நைட்ரஜனை எண்ணெயிலிருந்து பிரித்து வைப்பதால் நுரைப்பு குறைவு, வெப்பமும் வெளிச்சுவர் வழியே நேராக வெளியேறும். தனி ரிசர்வாயர் வைத்தால் எண்ணெயின் அளவு கூடும், அதே வெப்பத்துக்கு ஏறும் சூடு குறையும். ஆனால் மோனோ ட்யூபின் வெளிச்சுவர்தான் பிஸ்டன் ஓடும் சுவர். கல் பட்டு நசுங்கினால் அதோடு போயிற்று, கவசம் போடுங்கள்.

நீண்ட கரடுமுரடான ஓட்டத்துக்குப் பின் நான்கு ஷாக்கின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், கொப்புளித்துவிடும். ஒரே ஆக்ஸிலில் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்திருப்பதுதான் வேலை செய்யாமல் போனது. ராடில் லேசான எண்ணெய்ப் பூச்சு இயல்பு. சொட்டினால் மாற்றுங்கள், ஜோடியாக.

அறிகுறி: நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் அலைகிறது, திரும்பியபின் தானாக நேராவதில்லை

ஷாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் நீளமான கை) கொண்ட முன் ஆக்ஸிலில், உயர்த்தும்போது ஆக்ஸிலே முன்னோக்கிச் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைகிறது. ஆர்ம் 900 மி.மீ நீளம் என்றால் 50 மி.மீ லிஃப்டுக்குச் சுமார் 3 டிகிரி போய்விடும். காஸ்டர் திருத்த புஷ், அல்லது ஆர்மின் சேஸிஸ் முனையை இறக்கும் பிராக்கெட் போட்டு அலைன்மென்ட் பாருங்கள்.

ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்டு ராடு இருந்தால் ஆக்ஸில் ஒரு பக்கமாகவும் தள்ளிப்போயிருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். அதன் சாய்வும் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கின் சாய்வும் இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் ஆக்ஸில் முழுவதும் வெறித்தனமாக உதறினால் பேன்ஹார்டு போல்ட், புஷ், டை ராடு எண்ட், வீல் பேலன்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புது ஸ்டீயரிங் டாம்பர் அந்த உதறலை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும்.

அறிகுறி: சுயேச்சை சஸ்பென்ஷனில் சிவி பூட் கிழிகிறது, முன்பக்கம் ‘டக்’ என்கிறது

எந்த வகையில் உயர்த்தினீர்கள் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். ஸ்ட்ரட்டின் (காயிலும் ஷாக்கும் சேர்ந்த யூனிட்) தலையில் ஸ்பேசர் வைத்தால் மொத்த டிராவல் கூடாது, கீழே நகரும். சக்கரம் முன்னைவிடக் கீழே தொங்கி சிவி ஜாயின்டையும் (சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டு, ரப்பர் பூட் இதை மூடியிருக்கும்) பால் ஜாயின்டையும் அளவுக்கு மீறி வளைக்கும். மேலே போகும்போது பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே ஸ்ட்ரட் அடிதட்டவும் கூடும். காயிலின் இருக்கையை இறுக்கியோ டார்ஷன் பார் (முறுக்கிச் செயல்படும் ஸ்பிரிங் கம்பி) போல்ட்டைத் திருகியோ உயர்த்தினால் விறைப்பு கூடுவதில்லை, தொங்கும் தூரம்தான் குறைகிறது. அந்த ‘டக்’ சத்தம் அதுதான். மாற்று மேல் ஆர்மோடு 50 மி.மீ அளவில் நிறுத்திக்கொள்வது என் கருத்து. அதற்கு மேல் உண்மையான நீண்ட டிராவல் வேண்டுமென்றால் நீளமான ஆர்மும் நீளமான ஆக்ஸில் ஷாஃப்டும் வேண்டும்.

இன்னொன்று, இங்கே காயில் எண்களை நேர் ஆக்ஸில் எண்களோடு ஒப்பிடாதீர்கள். சக்கரம் 10 மி.மீ நகரும்போது காயில் 6 மி.மீதான் அமுங்குகிறது என்றால், 100 நியூட்டன் காயில் சக்கரத்தில் 36 நியூட்டன் போலத்தான் தெரியும்.

அறிகுறி: கமான் பட்டை வண்டியில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பின்பக்கம் துள்ளுகிறது

ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையே வைத்த உயரமான பிளாக், நெம்புகோல் போலப் பட்டையை முறுக்குகிறது. பிளாக்கை எடுத்துவிட்டு, வளைவு கூடிய, மெல்லிய பல பட்டைகள் கொண்ட செட் போடுங்கள். முன் ஆக்ஸிலில் பிளாக் வைக்கவே கூடாது.

அறிகுறி: உயர்த்திய பின் பிரேக் பிடிப்பு குறைந்தது போல் இருக்கிறது

பின் ஆக்ஸிலோடு இணைந்த சுமை உணரும் பிரேக் வால்வ் இருக்கிறதா பாருங்கள். பின்பக்கம் உயர்ந்ததைச் சுமை இல்லை என்று எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதன் லிங்கை லிஃப்டுக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும். கூடவே சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் தளர்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அறிகுறி: புது ரப்பர் புஷ் சில வாரத்தில் கிழிகிறது

வண்டி ஸ்டாண்டில், சக்கரம் தொங்கிய நிலையிலேயே ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கியிருப்பார்கள். இறக்கியதும் புஷ் முறுகிய நிலையிலேயே நிற்கும், ஓடும்போது இன்னும் முறுகும். எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பம்பரில் ஏறி நான்கு முறை ஆட்டியபின் குறிப்பிட்ட டார்க்குக்கு இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் புதுக் காயில் சற்றே அமரும். அன்று நான்கு மூலை உயரத்தையும் திரும்ப அளந்து, யூ போல்ட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.